ஓங்கோல் பாப்திஸ்து திருச்சபை: தோற்றமும் வளர்ச்சியும்

திருச்சபை வரலாற்றைப் பயிலுகையில் நாம் பெரும்பாலும் பெருநகரங்களையும் பேராயர்களையும் சங்கங்களின் தீர்மானங்களையும் பற்றியே படித்து வருகிறோம். ஒரு சிற்றூரில் ஒரு சபை எவ்வாறு வேரூன்றியது, யாரால் வளர்ந்தது, வளர்ந்தபோது அதன் கொள்கை எவ்விதச் சோதனைக்கு உள்ளாயிற்று என்பதை நிதானமாக ஆராய்வதற்கு நமக்கு வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. அவ்வாறு ஆராயத்தக்க சபைகளுள் ஓங்கோல் சபை முதன்மையானது. இன்று ஆந்திர மாநிலத்தின் பிரகாசம் மாவட்டத் தலைநகராக விளங்கும் ஓங்கோல், அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஒரு தாலுகாத் தலைமையிடமாக மட்டுமே இருந்தது. சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு. அதன் வரலாறு தெலுங்கு மக்களின் வரலாறாயினும் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தாது வருஷப் பஞ்சமும் பக்கிங்காம் கால்வாயும் அதில் இடம்பெறுகின்றன.

இச்சபையை நாம் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. பாப்திஸ்து திருச்சபையாரின் அடிப்படைக் கோட்பாடுகள் இரண்டு. தானே விசுவாசித்துத் தானே அறிக்கையிடுபவருக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்பது ஒன்று. ஊர்ச்சபை ஒவ்வொன்றும் தன்னைத்தானே ஆளும் முழுமையான திருச்சபை என்பது மற்றொன்று. எட்டுப் பேருடன் தொடங்கிய ஓங்கோல் சபை, பன்னிரண்டாம் ஆண்டின் முடிவில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினரைக் கொண்டிருந்தது. இவர்கள் ஏறத்தாழ நானூறு கிராமங்களில் சிதறி வாழ்ந்தனர். குடும்பம் குடும்பமாக, தெருத் தெருவாக வந்தவர்கள் இவர்கள். அவ்விரு கோட்பாடுகளும் இங்கு என்னவாயின என்பதே நம்முன் உள்ள கேள்வி.

முன்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஒரிசாவில் ஊழியம் செய்த ஆங்கிலேய பாப்திஸ்து மிஷனெரி ஏமஸ் சட்டன் அமெரிக்காவில் விடுத்த வேண்டுகோளின் பயனாக, சாமுவேல் டே என்பவர் 1836-இல் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பப்பட்டார். விசாகப்பட்டினம், சிகாகோல், சென்னை என்று இடம் மாறி, 1840-இல் நெல்லூரில் நிலைகொண்டார். பலன் மிகச் சொற்பம். மிஷனைக் கைவிட்டுவிடலாமா என்ற கேள்வி அமெரிக்கச் சங்கத்தில் 1848, 1853, 1862 ஆகிய மூன்று ஆண்டுகளில் எழுந்தது. 1853-இல் ஆல்பனி நகரில் கூடிய கூட்டத்தில், தேசப்படத்தில் இம்மிஷனுக்கென்று ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் குறிக்கப்பட்டிருந்ததை ஒருவர் சுட்டிக்காட்ட, சாமுவேல் ஸ்மித் என்ற போதகர் அன்றிரவே ஒரு கவிதை இயற்றினாராம். 'ஒற்றை நட்சத்திரம்' என்ற பெயர் மிஷனுக்கு நிலைத்துவிட்டது. 1862-இலோ, உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பியிருந்த லைமன் ஜூவெட், சங்கம் அனுப்பாவிட்டாலும் தாம் தனியே திரும்பிச் சென்று அங்கேயே மரிக்கப்போவதாகக் கூறிவிட்டார். அவரை அடக்கம் செய்யவாவது ஒருவரை உடன் அனுப்பவேண்டும் என்று சங்கத்தின் செயலாளர் சொன்ன மறுமொழி பிரசித்தமானது. அவ்வாறு அனுப்பப்பட்டவர்தாம் ஜான் கிளஃப்.

இதே ஜூவெட், 1854 ஜனவரி முதல் நாள் விடியற்காலையில், தம் மனைவியுடனும் இந்திய விசுவாசிகள் மூவருடனும் ஓங்கோலை அடுத்த குன்றின்மேல் ஏறி, கீழே தெரிந்த ஊர்களுக்காக ஜெபித்தார். 'ஜெபக்கூட்ட மலை' என்று அக்குன்று இன்றும் வழங்கப்படுகிறது. ஓங்கோலைப் பற்றிய பிரசங்கங்கள் யாவும் இந்த மலையிலிருந்தே தொடங்கும். நாமும் அவ்வாறு பிரசங்கித்ததுண்டு. ஆனால் அந்த ஜெபத்திற்கும் சபையின் தோற்றத்திற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கடந்தன என்பதையும், அவ்விடைக்காலத்தில் அம்மலையை ஒருபோதும் கண்டிராத ஒரு தோல் தொழிலாளி வேறொரு வழியாகக் கர்த்தரைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதையும் பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்வது நலம்.

அவர் பெயர் எர்ரகுண்ட்ல பேரய்யா. ஓங்கோலுக்கு மேற்கே தாள்ளகொண்டபாடு என்னும் சிற்றூரினர்; மாதிகர் வகுப்பினர். நம் நாட்டு அருந்ததியரைப்போல் செருப்புத் தைப்பதும் தோல் பதனிடுவதும் மாதிகரின் தொழில். பேரய்யா எழுத்தறியாதவர், எனினும் ஆன்மிக நாட்டம் மிகுந்தவர். ஒரு பெண் குருவிடம் யோகம் பயின்று, பின் தாமே சீடர்களுக்குக் கற்பிக்கும் நிலையை அடைந்திருந்தார். தோல் வாணிபத்தின் பொருட்டு வடக்கே சென்றபோது அங்கிருந்த மிஷனெரிகளிடம் கிறிஸ்துவைப்பற்றிக் கேள்வியுற்றார். 1866-இல் ஜூவெட்டினிடம் ஞானஸ்நானம் பெற்றார். மிஷனெரி தம் ஊருக்கு வருமுன்னரே பேரய்யா தம் உறவினரிடையே ஊர் ஊராகச் சென்று சாட்சி பகர்ந்துவிட்டார் என்பது, மிஷனெரி வரலாறுகளைப் படிக்கும் மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளவேண்டிய செய்தியாகும்.

கிளஃப் 1865-இல் இந்தியா வந்து, 1866 செப்டம்பரில் ஓங்கோலில் குடியேறினார். இளமையில் நில அளவைத் தொழில் செய்தவர். அத்தொழில் பின்னர் எவ்வாறு பயன்பட்டது என்பதைக் காண்போம். 1867 ஜனவரி முதல் நாளன்று எட்டு அங்கத்தினருடன் ஓங்கோல் சபை ஒழுங்கு செய்யப்பட்டது. அதே மாதத்தில் பேரய்யாவின் அழைப்பின்பேரில் கிளஃப் தாள்ளகொண்டபாட்டுக்குச் சென்று சில நாட்கள் தங்கிப் போதித்து, இருபத்தெட்டுப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எட்டுப் பேர் இருந்த சபையில் இருபத்தெட்டு மாதிகர் ஒரே நாளில் சேர்ந்தனர்.

இங்குதான் இச்சபையின் முதற்சோதனை வந்தது. ஓங்கோலில் கிளஃப் தம்பதியர் நடத்திவந்த பள்ளியில் பிராமணரும் ஏனைய சாதியினருமான பிள்ளைகள் பயின்று வந்தனர். சிலர் கிறிஸ்தவ மார்க்கத்தின்மேல் நாட்டங்கொண்டிருந்தனர். ஊர்ப் பெரியோர் நட்புடன் பழகினர். மாதிகரைச் சேர்த்துக்கொண்டால் தாங்கள் விலகிக்கொள்வோம் என்பது அவர்கள் தெரிவித்த நிபந்தனை. எளிதான கேள்வியன்று இது. மேல்சாதியினரை முதலில் ஆதாயப்படுத்தினால் அவர்கள் வழியாகச் சமுதாயம் முழுவதும் வரும் என்பது அக்கால மிஷனெரிகளிடையே மதிப்புடன் பேசப்பட்ட கொள்கை. கல்லூரிகள் பல அதன்மேல்தான் எழுந்தன. கிளஃப் தனியே தம் அறையில் வேதத்தைத் திறந்தபோது 1 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்தில், உலகத்தார் எண்ணாதவர்களைத் தேவன் தெரிந்துகொண்டதைக் கூறும் பகுதி கண்ணில் பட்டது. அதே வேளையில் வேறோர் அறையில் இருந்த அவர் மனைவியாரும் அதே பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார் என்று கிளஃப் பதிவு செய்துள்ளார். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர். மாதிகர் ஏற்றுக்கொள்ளப்பட்டனர்; மேல்சாதிப் பிள்ளைகள் பள்ளியைவிட்டு அகன்றனர்.

சபை நிறுவப்பட்ட நாள் ஜனவரி முதல் நாள் என்று பதிவேடு கூறும். நம் கருத்தில், அது எவ்வகைச் சபையாயிருக்கும் என்பது தீர்மானிக்கப்பட்டது சில வாரங்கள் கழித்து இவ்விதமாகவே. ஊருக்குள் அமைந்த சபை அன்றுமுதல் ஊருக்குப் புறம்பே இருந்த சேரிகளின் சபையாயிற்று. ஓங்கோல் என்ற நகரம் அதன் பெயராக இருந்ததேயன்றி, அதன் மக்கள் கிராமங்களில் இருந்தனர்.

மாதிகரிடம் கிளஃப் கேட்டுக்கொண்டவை மூன்றே. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாகாது; செத்த மாட்டின் இறைச்சி உண்ணலாகாது; விக்கிரகங்களை வணங்கலாகாது. படிப்பவர்க்கு இவை எளிய ஒழுக்க விதிகளாகத் தோன்றும். கிராம வாழ்க்கையை அறிந்தவர்களுக்கோ இம்மூன்றும் எதை அசைத்தன என்பது உடனே விளங்கும். கிராமத்தில் மாதிகனுக்குக் கடமைகள் உண்டு. கவலை இறைக்கும் தோற்சாலைத் தைத்துப் பழுதுபார்த்துத் தரவேண்டும். குடியானவனுக்குச் செருப்புத் தைக்கவேண்டும். அறுவடைக் காலத்தில் ஆள் அனுப்பவேண்டும். அம்மன் திருவிழாவில் பறை அடிக்கவேண்டும். இவற்றுக்குக் கூலியாகக் களத்துமேட்டில் சிறிது தானியமும், ஊரில் இறக்கும் மாடும் அவனுக்கு உரியவை. ஆகவே பறை அடிக்க மறுப்பவன் ஒரு மதச் சடங்கைமட்டும் மறுக்கவில்லை, ஊர்க்கட்டுப்பாட்டையே மறுக்கிறான். விதைப்புக் காலத்தில் ஞாயிறன்று வரமாட்டேன் என்பவன், தனக்கென்று ஒரு நாள் உண்டு என்று, தலைமுறை தலைமுறையாக அவன் உழைப்பை அனுபவித்தவரிடம் அறிவிக்கிறான். செத்த மாட்டை வேண்டாம் என்பவன் தன் கூலியில் ஒரு பங்கை இழக்கிறான். தன் இழிவின் அடையாளத்தையும் அதனோடு இழக்கிறான்.

இதன் விளைவு உடனே தெரிந்தது. தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்தனர், பொய் வழக்குகள் தொடுத்தனர், அடித்தனர். இத்துன்பங்களின் நடுவே நிலைத்தவர்களைப் பார்த்தே அடுத்த ஊரார் வந்தனர். விசுவாச அறிக்கை என்பதை மண்டபத்தில் நின்று சொல்லும் வாய்மொழியாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பறை அடிக்க மறுத்து அடிபட்ட ஒருவனின் அறிக்கைக்கு வேறு சான்று தேவையில்லை என்பது நம் எண்ணம்.

1872-இல் ஓங்கோலுக்குத் தெற்கே ராமபட்டணத்தில் உபதேசியாரைப் பயிற்றுவிக்க ஓர் இறையியற் பள்ளி தொடங்கப்பட்டது. பஞ்சத்துக்கு முன்னரே சபையார் ஏறத்தாழ மூவாயிரம் பேராயினர். இந்நிலையில் வந்தது 1876-78-இன் பெரும்பஞ்சம். நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று கும்மிகளில் பாடியது இதுவே. சென்னை அரசாங்கம் பஞ்ச நிவாரண வேலையாக, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரால் இன்று வழங்கும் கால்வாயை வடக்கே நீட்டித்து வெட்டுவித்தது. கிளஃப் தம் பழைய தொழிலை நினைவுகூர்ந்து, ஏறத்தாழ மூன்றரை மைல் நீளத்துக்கு வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்றார். உபதேசியார்கள் மேஸ்திரிகளாயினர். வேறு முகாம்களில் தாழ்த்தப்பட்டோர் மேற்பார்வையாளர்களால் ஏசப்பட்டும் கூலியில் ஏமாற்றப்பட்டும் வருந்திய காலம் அது. இங்கோ மேஸ்திரி அவர்களுடைய உறவினன். ஏசமாட்டான், கூலியும் முறையாகக் கிடைக்கும். இளைப்பாறும் வேளைகளில் மண்வெட்டியைக் கீழே வைத்து அவன் வேதவசனம் சொல்லுவான். காலராவும் முகாமைத் தாக்கியது. ஒரு கூட்டம் சென்று மறு கூட்டம் வர, மாவட்டத்தின் எல்லாப் பகுதி மாதிகரும் அந்த வசனத்தைக் கேட்டனர்.

சபையில் சேரவேண்டும் என்று ஏராளமானோர் கேட்டனர். இவ்விடத்தில் கிளஃப் செய்ததை மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். 1877 மார்ச் முதல் 1878 ஜூன் வரை, பதினைந்து மாதங்கள், அவர் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கையில் பணமும் தானியமும் இருக்கும்வரை வருகிறவனின் உள்ளத்தை அறிய இயலாது என்பது அவர் கருத்து. வயிற்றுக்காக மதம் மாறியோர் என்ற பழிச்சொல் அக்காலத்திலும் இருந்தது. அதற்கு மறுமொழியாக நூல்கள் எழுதப்பட்டுள்ளன. இந்தப் பதினைந்து மாதக் காத்திருப்பைப்போல் வலிமையான மறுமொழி வேறொன்றை நாம் அறியோம். இதே பஞ்சத்தில் திருநெல்வேலியிலும் கால்டுவெல் பேராயரின் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் சபையை நாடி வந்தனர். அங்கும் இதே கேள்வி எழுந்தது.

நிவாரணப் பணம் தீர்ந்தபின், 1878 ஜூன் நடுவில், ஓங்கோலுக்கு வடக்கே குண்ட்லகம்மா ஆற்றங்கரையிலுள்ள வெல்லம்பள்ளியில் கிளஃப் உபதேசியாரைக் கூட்டினார். பெருந்திரளான மக்களும் வந்துவிட்டனர். கொடுப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று அவர் கூறியபோது, உதவி கேட்டு வரவில்லை, கால்வாய் வெட்டிய தங்கள் கைகளில் காய்ப்பு இருக்கிறது, கிறிஸ்தவராகவே வந்தோம் என்ற பொருள்பட அவர்கள் விடையளித்தனராம். ஜூலை 2-ஆம் நாள் 614 பேர், 3-ஆம் நாள் 2,222 பேர், 4-ஆம் நாள் 700 பேர். மூன்றே நாட்களில் 3,536 பேர் அந்த ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றனர். ஆண்டு முடிவதற்குள் தொகை 9,606 ஆயிற்று. சபையின் அங்கத்தினர் 12,004.

ஒரே நாளில் 2,222 பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது இயலுமா என்று வகுப்பில் ஆண்டுதோறும் எவரேனும் ஒரு மாணவர் கேட்பதுண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். அபிஷேகம் பெற்ற இந்திய ஊழியர் அறுவர் முறைவைத்து, ஒரு வேளையில் இருவராக ஆற்றில் நின்றனர். காலை ஆறு மணிமுதல் பதினொன்றுவரை, பின் பிற்பகல் இரண்டுமுதல் ஐந்துவரை. எட்டு மணி நேரம். ஒருவருக்கு ஏறத்தாழ இருபத்தாறு விநாடி கிடைக்கிறது. அவசரமின்றிச் செய்யக்கூடியதே. பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றிருக்க இயலாது என்று வாதிட்டோருக்குப் பாப்திஸ்துகள் நெடுங்காலம் ஓங்கோலைக் காட்டி மறுமொழி கூறினர். அவ்வாதத்தை நாம் இப்போது தொடவேண்டியதில்லை. கிளஃப் கரையில் நின்றார், தண்ணீரில் இறங்கவில்லை என்பதும், அந்நாளில் ஞானஸ்நானம் கொடுத்த கைகள் யாவும் இந்தியக் கைகள் என்பதும் நமக்கு அதைவிட முக்கியமானவை.

இனி முதற்கேள்விக்கு வருவோம். குடும்பமாக வந்தவர்களின் விசுவாசம் தனி விசுவாசமா? கிராமத்தில் மாதிகன் எதையும் தனியே முடிவு செய்வதில்லை. திருமணமாயினும் வழக்காயினும் பெரியோர் கூடிப் பேசியே முடிவெடுப்பர். அதே பேச்சில் கிறிஸ்துவும் பேசப்பட்டார். எனினும் ஆற்றில் இறங்கும்போது ஒவ்வொருவனும் தனித்தே இறங்கினான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்படவில்லை. அந்தந்தப் பகுதி உபதேசியார் அறிந்து உறுதி கூறியவர்களே சேர்க்கப்பட்டனர். கூட்டமாக முடிவெடுத்தல், தனித்தனியாக அறிக்கையிடுதல் என்ற இரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகவேண்டியதில்லை என்று ஓங்கோல் காட்டியது. பின்னாளில் பிக்கெட் 1933-இல் இந்தியாவின் கூட்ட இயக்கங்களை ஆராய்ந்து எழுதியபோது இறையியலார் விவாதித்த பொருளும் இதுவேயாகும்.

இரண்டாம் கேள்விக்கு இத்துணைத் தெளிவான விடை இல்லை. நானூறு கிராமங்களில் வாழும் பன்னீராயிரம் பேர் எவ்வாறு ஓர் ஊர்ச்சபையாவர்? சபைக்கூட்டத்தில் கை உயர்த்தி வாக்களிக்க ஐம்பது மைல் நடந்து வருபவர் யார்? கிளஃப் இதற்குக் கிராமத்திலிருந்தே ஒரு முறையை எடுத்துக்கொண்டார். அந்தந்தச் சேரியின் பெரியோரைச் சபைப் பெரியோராக்கினார். குருவுக்குச் சீடர் தானியம் அளப்பதுபோல் உபதேசியாருக்கு மக்கள் ஒரு பங்கும் மிஷன் ஒரு பங்கும் கொடுத்தனர். மூன்று மாதத்துக்கொருமுறை உபதேசியார் அனைவரும் ஓங்கோலில் கூடினர். அக்கூட்டமே உண்மையில் சபையை ஒன்றாகப் பிணைத்தது. பாப்திஸ்து ஒழுங்குமுறைப்படி நோக்கினால் இது சபையன்று, ஒரு மறைமாவட்டம், கிளஃப் பேராயர். அமெரிக்காவிலிருந்த சகோதரர் சிலர் மனங்கலங்கியதில் வியப்பில்லை. 1880-களில் சபையாரின் தொகை இருபதாயிரத்தை எட்டியபோது ஓங்கோல் சபை பல சபைகளாகப் பிரிக்கப்பட்டது. பிரித்தது சரியே. ஆயினும் அமெரிக்கச் சிற்றூர்ச் சபையின் சட்டதிட்டங்களைக் கிராமச் சேரிகளின்மேல் அப்படியே வைத்தது பொருந்தவில்லை என்ற எண்ணம், கிளஃப் சொல்ல அவர் இரண்டாம் மனைவியார் எம்மா எழுதி 1914-இல் வெளிவந்த நினைவுநூலில் வெளிப்படுகிறது. (இந்த எம்மா, சமூக நற்செய்தி இறையியலில் நாம் படிக்கும் வால்டர் ரௌஷன்புஷின் தமக்கையார். நூலின் பெயரிலும் சமூகக் கிறிஸ்தவம் என்ற சொல் இருப்பது தற்செயலன்று.)

வளர்ச்சி பின்னரும் நிற்கவில்லை. 1890 டிசம்பர் 28-ஆம் நாளில் மட்டும் ஓங்கோலில் 1,671 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். 1903-இல் தெலுங்கு பாப்திஸ்து சபையார் தங்கள் சொந்தச் சங்கத்தின் வழியாக ஜான் ரங்கையாவை, நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாயிருந்த தெலுங்கரிடையே ஊழியம் செய்ய அனுப்பினர். 1962-இல் தெலுங்கு பாப்திஸ்து திருச்சபைகளின் சமாவேசம் அமைந்தது.

ஒன்றை மறைத்தல் தகாது. மாதிகர் உறவுமுறை வழியே பரவிய சபை, அந்த உறவுமுறையின் எல்லையிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. அண்டைச் சேரியினரான மாலர், மாதிகர் சேர்ந்த இடத்தில் சேரத் தயங்கினர். அவர்களில் பெரும்பாலோர் லூத்தரன் சபையையும் பிற சபைகளையும் நாடினர். ஒரே ஊரில் மாலர் தெருவில் லூத்தரன் ஆலயமும் மாதிகர் தெருவில் பாப்திஸ்து ஆலயமும் நிற்பதைக் குண்டூர்ப் பகுதிகளில் காணலாம். 1867-இல் மேல்சாதியினரின் நிபந்தனையை மறுத்த அதே சபையில், நிபந்தனை எதுவும் வாய்விட்டுச் சொல்லப்படாமலே இந்த மற்றொரு வேலி எழுந்தது. ஜூவெட்டும் கிளஃபும் விசாரிக்காத இக்கேள்வியை இப்போது அங்கே ஊழியம் செய்யும் போதகர்கள், திருமணப் பேச்சு எழும்போதெல்லாம் எதிர்கொண்டு வருகின்றனர்.